ஊர்ப் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம், என் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம்

தொடக்கப்பள்ளி வாத்தியார் என்றால் பத்து மாதம் பாடம் நடத்த வேண்டும். மிச்ச நாளில் அந்தப் பாடத்தைக் கேட்க ஆள் தேட வேண்டும். கோடை வெயிலில் நோட்டீஸும் கையுமாகத் தெருத்தெருவாக அலைந்திருக்கிற சக வாத்தியார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆசைப்பட்ட பள்ளிக்கூடத்தில் 'இடமில்லை' என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிற அப்பா அம்மாக்களுக்கும் சில விஷயங்களை விளக்க வேண்டியதில்லை. இந்த வருஷம் நான் இரண்டு கூட்டத்திலும் இருந்தேன்.

வேலை பார்ப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில். குடியிருப்பது ராஜபாளையத்தில். பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாங்கள் இரண்டே பேர், தலைமையாசிரியை ஜெயராணி டீச்சரும் நானும்.

மாரியம்மாளின் நிபந்தனை

மாரியம்மாள் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர். கணவர் கருப்பசாமி ராஜபாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் மகள் முத்துச்செல்விக்கு ஒன்றாம் வகுப்பு சேரும் வயது என்று தெரிந்துகொண்டு நானும் ஜெயராணி டீச்சரும் பள்ளி ஊரிலேயே இருக்கிற அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றோம். புத்தகம் இலவசம், சீருடை இலவசம், காலையிலேயே சாப்பாடு, ஆங்கில வழியும் உண்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மாரியம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தார். "ஒரே பொண்ணு. இந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ்" என்றேன். ஒரே பொண்ணு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

பக்கத்தில் ஜெயராணி டீச்சர், தானே அச்சடித்த நோட்டீஸை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் படிக்க ஆரம்பித்தார். என் மகள் தர்ஷினிக்கு ராஜபாளையத்தில் ஒரு பெரிய தனியார் பள்ளியில் நேர்காணலுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அவருக்குத் தெரியும். மாரியம்மாளுக்குத் தெரியாது. அவர் முகம் மலர்ந்துபோய்ச் சொன்னார், நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்:

"அப்படின்னா ரொம்ப நல்லதாப் போச்சு சார். நீங்க உங்க பாப்பாவைக் கூட்டிட்டு வார அன்னைக்கே நானும் எம்பிள்ளையைக் கூட்டிட்டு வாரேன். ரெண்டும் ஒண்ணாப் படிக்கட்டும்."

நேர்காணல்

அந்தப் பெரிய பள்ளிக்கு ஆசைப்பட்டது என் மனைவி கவிதாதான் என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஆசை எனக்கும்தான். இரண்டு வாத்தியார் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கிற லட்சணம் எனக்குத் தெரியும். பாதி நாள் நான் போனில் புள்ளிவிவரம் ஏற்றிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் ஆத்திசூடியைத் தாங்களாகவே சொல்லிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவனுக்குத்தானே உள்ளே நடப்பது தெரியும். அது தெரிந்தும் ஊரார் பிள்ளைகளைக் கூப்பிடுகிறேன் என்று எழுதும்போது கை கூசுகிறது.

தொடக்கப்பள்ளியில் சேர்க்க நேர்காணல் வைக்கக் கூடாது என்பது சட்டம். பெற்றோர் கூட்டத்தில் இதை மேசையைத் தட்டிச் சொல்கிறவன் நான். அன்றைக்கு முதல்வர் அறையில் முழங்காலை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல்வர் அம்மா தர்ஷினியிடம் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். "எங்க அப்பா கவர்மெண்ட் ஸ்கூல் சார். எல்லா வீட்டுக்கும் போயி, எங்க ஸ்கூல்ல சேருங்கன்னு சொல்லுவாரு" என்றாள் பிள்ளை. பொய் சொல்ல இன்னும் பழகவில்லை. முதல்வர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவளிடமே கேட்டார்:

"உன்னைச் சேரச் சொல்லலையாம்மா?"

வழி சொல்லும் வாத்தியார்

தர்ஷினிக்கு இடமில்லை என்று ஒரு வாரத்தில் சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. கவிதா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பார்த்து மம்சாபுரத்திலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர், சேர்க்கைக்காகத் திறந்து வைத்திருந்த எங்கள் பள்ளிக்கு வந்தார். அவர் மகனுக்கும் வேறொரு தனியார் பள்ளியில் இடமில்லையாம். விவரம் தெரிந்தவரைக் கேட்கலாம் என்று வந்திருக்கிறார்.

எனக்குச் சொல்லவா வேண்டும்? என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள் என்றேன். காத்திருப்போர் வரிசையில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ந்தவர்களிலேயே சிலர் கடைசி நேரத்தில் விலகுவார்கள். இலவச இட ஒதுக்கீட்டுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். முறைகேடு என்று தோன்றினால் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பள்ளி திறந்தும் இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம், எங்கள் பள்ளியில் உட்காரட்டும் என்று முடித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார்:

"இம்புட்டு வழி தெரிஞ்சு வச்சிருக்கீக. உங்க பிள்ளைக்குன்னா அலையவே வேண்டியிருக்காது, என்ன சார்?"

ஹெல்மெட்

அவருக்குச் சொன்ன வழியில் நானே நடந்தேன். காத்திருப்போர் வரிசையில் பெயர் சேர்க்க அந்தப் பெரிய பள்ளிக்குப் போனேன். வாசலில் ஏகப்பட்ட கூட்டம். எங்கள் பள்ளி இருக்கிற ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வண்டியை விட்டு இறங்கியும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். காவலாளியும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.

பெயரைச் சேர்த்துவிட்டு வெளியே வந்தால் என் வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோ. ஓட்டுநர் இருக்கையில் கருப்பசாமி, மாரியம்மாளின் கணவர். சவாரி இறக்கிவிட வந்திருக்கிறார். நான் பேசாமல் சாவியைப் போட்டேன். குரலைக் கேட்டால் தெரிந்துவிடுமே. அவர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினார். முகத்தில் கேலி இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது இல்லை.

"ஹெல்மெட்டைக் கழட்டிட்டுக் குடிங்க சார். வண்டி நம்பரு எனக்குத் தெரியாதா?"

மனு

கவிதா விடவில்லை. மனு எழுதிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனேன். 'இப்படிக்கு, பெற்றோர்' என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதற்கு மேல் ஒரு விவரமும் எழுதவில்லை. மனு வாங்குகிற இடத்தில், வருஷா வருஷம் எங்கள் பள்ளிச் சேர்க்கை விவரத்தை வாங்கிக்கொள்கிற அதே எழுத்தர் இருப்பார் என்பது எனக்கு எப்படி மறந்ததோ தெரியவில்லை. புத்தி பேதலித்துப்போனால் அப்படித்தான்.

அவர் படித்தார். திருப்பி ஒருமுறை படித்தார். அறையில் வேறு ஆட்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தத் தாழ்ந்த குரல்தான் என்னை அதிகம் குன்ற வைத்தது. மனுவைத் திருப்பி வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கேட்டது இதுதான்:

"வாங்கிக்கிடுறேன் சார். ஆனா நீங்க எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்னு இதுல எழுதலயே, அதையும் எழுதிக் குடுத்துருதீகளா?"

திறந்த நாள்

பள்ளி திறக்கிறதற்கு முந்தின வாரம் போன் வந்தது. யாரோ ஒரு குடும்பம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதால் ஓர் இடம் காலியாம். அன்றைக்கே போய்ச் சேர்த்துவிட்டோம். கவிதா கேசரி கிண்டினாள். மாரியம்மாளை நினைத்துக்கொண்டேதான் தின்றேன், ஆனால் இரண்டு முறை வாங்கித் தின்றேன்.

திறந்த நாளன்று தர்ஷினியை அவள் பள்ளியில் விட்டுவிட்டு அனுமதி போட்டுத் தாமதமாக என் பள்ளிக்கு வந்தேன். மாரியம்மாள் முத்துச்செல்வியோடு மரத்தடியில் நின்றார். பிள்ளைக்கு இரட்டைச் சடை, இரண்டிலும் கனகாம்பரம். மாரியம்மாளின் கண் நேராக என் வண்டியின் பின் இருக்கைக்குப் போனது. காய்ச்சல், அம்மை, பாட்டி வீடு என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்களில் ஒன்றை எடுத்தேன். "பாப்பாவுக்கு..." என்று ஆரம்பித்ததுமே அவர் தடுத்துவிட்டார்.

"தெரியும் சார். எங்க வீட்டுக்காரர் அன்னைக்கே வந்து சொல்லிட்டாரு."

"பிறகு ஏம்மா இங்க சேர்க்க வந்தீங்க?"

"எங்களுக்கு வேற எங்க எடம் இருக்கு?" என்றார், கோபமே இல்லாமல். வைதிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். முத்துச்செல்வியின் கையை எடுத்து என் கையில் கொடுத்தார். மில் வண்டி ஹார்ன் அடித்தது. போகும்போது திரும்பிச் சொன்னார்:

"பாப்பாவ இனிமே நீங்க கொண்டு விடணும்னு லேட்டா வராதீக சார். எங்க வீட்டுக்காரர் ஆட்டோல அனுப்பி விடுங்க. உங்க பிள்ளைய அவரு பத்திரமாப் பாத்துக்கிடுவாரு, எம்பிள்ளைய நீங்க பாத்துக்கிடுங்க."

இடம் கிடைக்காத பெற்றோர் என்ன செய்யலாம் என்று யார் வந்து கேட்டாலும் இப்போதும் வரிசையாகச் சொல்கிறேன். தினமும் காலையில் கருப்பசாமி என் வீட்டு வாசலில் ஹார்ன் அடிக்கும்போது, இடம் கிடைத்த வாத்தியார் என்ன செய்யலாம் என்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.