பலேர்மோத் தரையில் கண்ட கோணங்கள்

தரைக்கு டைல் பதிக்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க முதலே அறையின் மூலையைத்தான் பார்ப்பான். இந்த வேலையில் நின்ற உங்களுக்கு நான் சொல்லித்தான் விளங்கவேண்டும் என்றில்லை. விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் சோறு ஆறிப்போகும், நாங்கள் மேசைக்குக் கீழே எந்தக் கல் கோணலாகக் கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருப்போம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மன்னாரிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்தேன். முதலில் எல்லாரையும்போல ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் கூட்டித் துடைத்தேன். அந்த வீட்டுக்கு டைல் பதிக்க வந்தவர், சீமெந்து குழைக்க ஆள் தேவை என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவரை எல்லாரும் காப்போ என்பார்கள். தலைவர் என்று அர்த்தம். அந்தத் தலைவருக்குக் கீழே இருந்தது நான் ஒருத்தன்தான். பள்ளிக்கூடத்தில் கேத்திரகணிதம் எனக்கு எமன். தேற்றங்களை மந்திரம்போலப் பாடமாக்கி, சோதனைத் தாளில் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே மறந்துவிடுவேன். அப்படிப்பட்டவனைத்தான் விதி கொண்டுபோய்க் கோணங்களுக்கு நடுவில் இருத்தியது.

சதுரம் என்று நினைத்த அறை

சீசா என்கிற பகுதியில் நாலாம் மாடி. தனியாக இருந்த வயதான ஒரு சிஞ்ஞோராவின் படுக்கையறை. காப்போ பசை வாங்கப் போயிருந்தார். நான் நாலு சுவரையும் அளந்தேன். எதிரெதிர்ச் சுவர்கள் அச்சொட்டாகச் சமம். பிறகென்ன, அறை நேராகத்தான் இருக்கிறது என்று கதவுப் பக்கத்திலிருந்து பதிக்கத் தொடங்கிவிட்டேன். ஐந்தாவது வரிசையில் பக்கச் சுவரோரம் ஒரு இடைவெளி தெரிந்தது. எட்டாவது வரிசையில் அதற்குள் என் கையே போனது.

காப்போ வந்தார். ஒரு நூலை எடுத்து இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பிடித்தார். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும் அதே நூலைப் பிடித்தார். ஒரு சாண் மிஞ்சியது. நாலு பக்கமும் சரியாக இருந்தும் அறை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நான் வாயைப் பிளந்து நின்றேன். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால்தான் செவ்வகம் என்று எத்தனை தரம் எழுதியிருப்பேன்! ஒரு துண்டு நூல் அதைச் சொன்னபோதுதான் மண்டைக்குள் ஏறியது. பதித்ததை எல்லாம் காய முதல் கிளப்பிக் கழுவினோம். கோப்பியோடு வாசலில் நின்ற சிஞ்ஞோரா சொன்னார்: "நாப்பது வருசமா இந்தச் சரிவுக்குள்ளைதான் நான் நித்திரை கொண்டிருக்கிறன். இண்டைக்குத்தான் தலை சுத்துது."

ஐந்து பிள்ளை, ஐந்து மூலை

ஒரு அவுக்காத்தோ, அதாவது வழக்கறிஞர். அவருக்கு ஐந்து பிள்ளைகள். அந்தச் சந்தோசத்தில் குளியலறைக்கு ஐந்து மூலைக் கல்லாக, ஐந்து பக்கமும் சமமாக, வெள்ளை மாபிளில் வெட்டுவித்து வைத்திருந்தார். காப்போவும் நானும் காலமையிலிருந்து அடுக்கிப் பார்த்தோம். மூன்றை ஒரு புள்ளியில் சேர்த்தால் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு வெளி. நாலாவது அதற்குள் போகாது. திருப்பினோம், கவிழ்த்தோம். மத்தியானம் ஆனது. கல்லிலா பிழை, கையிலா பிழை என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது.

அவுக்காத்தோ சாப்பிட வீட்டுக்கு வந்தார். நாங்கள் சொன்னதை நம்பவில்லை. கழுத்துப் பட்டியோடு தரையில் குந்தி, தானே கற்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். மனிசி சாப்பிடக் கூப்பிட்டார். கேட்கவில்லை. கடைசிப் பிள்ளை வந்து முதுகில் ஏறியது. தெரியவில்லை. ஆறு மூலைக் கல் தேனடைபோலச் சேரும், நாலு மூலை சேரும், மூன்று மூலையும் சேரும். இடையில் இந்த ஐந்து மட்டும் ஒரு காரணமும் காட்டாமல் மாட்டேன் என்று நின்றது. ஒரு மணித்தியாலம் கழித்து எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டே, கோபமே இல்லாமல், ஏதோ பெரிய மனிதருக்கு முன்னால் நிற்பவர்போல மெல்லமாகச் சொன்னார்: "இருபது வருசமாக் கோட்டிலை நிக்கிறன். அப்பீலே இல்லாத தீர்ப்பை இண்டைக்குத்தான் பாத்தன்."

கல்லின் நடு

எங்கள் தமிழ்ப் பூசை நடக்கிற கத்தோலிக்கக் கோயிலில் பழைய சிவப்புக் கல் ஒன்று இருந்தது. வட்டமானது, ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான அகலம். அதன் நடுவில் துளை போட்டு மெழுகுதிரித் தண்டை நிறுத்தவேண்டும் என்றார் பங்குச் சுவாமி. அந்த மாதிரிக் கல் இனி எங்கேயும் எடுக்கமுடியாது. துளை விலகினால் விலகினதுதான், ஒவ்வொரு பூசைக்கும் சனம் அந்தக் கோணல் தண்டைத்தான் பார்க்கும். நடு எது என்று கல்லில் ஒரு அடையாளமும் இல்லை. காப்போ நாடாவைப் பிடித்துப் பிடித்து அளந்தார். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு நடு வந்தது. அவருக்கு வேர்த்து ஊற்றியது.

அப்போதுதான் எங்கிருந்தோ என் வாயில் வந்தது: அரைவட்டத்திலுள்ள கோணம் செங்கோணம். பொருள் தெரியாமல் நூறு தரம் எழுதிய வரி. செங்கோணச் சட்டமான மூலைமட்டத்தை எடுத்தேன். அதன் மூலையைக் கல்லின் விளிம்பில் வைத்து, மட்டத்தின் இரண்டு கையும் விளிம்பை வெட்டுகிற இடங்களைக் குறித்து, அவற்றைக் கோட்டால் இணைத்தேன். அது விட்டமாக இருக்கவேண்டும். இடத்தை மாற்றி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டின. மூன்றாவது கோட்டை இழுத்தபோது அதுவும் நேரே அதே புள்ளிக்குள்ளால் போனது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்தக் கல் பிறந்த நாளிலிருந்து அங்கேயே இருந்த புள்ளி, கேட்டவுடன் எழும்பி வந்த மாதிரி இருந்தது.

காப்போ வேலைக்குப் போடுகிற தன் பேப்பர்த் தொப்பியைக் கழற்றிவிட்டு, தானே நாலாவது கோட்டைப் போட்டார். ஐந்தாவதையும் போட்டார்.

"எங்கை படிச்சனி?" என்று கேட்டார்.

"மன்னாரிலை. பள்ளிக்கூடத்திலை."

கல்லின் விளிம்பை ஒருதரம் கையால் தடவினார். பிறகு கேட்டார்: "அங்கையும் வட்டம் இப்பிடித்தானோ?"

தடியால் அளந்த வட்டம்

ஓய்வு பெற்ற ஒரு பஸ் சாரதி. ஒரே வருசத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. எழும்பினால் எதிலாவது இடித்து விழுந்தார், அதனால் நாள் முழுக்கக் கதிரையிலேயே இருந்தார். வியா மக்வேதா என்கிற தெருவில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலை செய்த மகள், அவரைத் தனியே விட்டுப் போகமுடியாமல் வேலையை விடுகிற நிலை. அறையின் நடுவில் சொரசொரப்பான கல்லால் ஒரு வட்டம், அதிலிருந்து கட்டிலுக்கு, கதவுக்கு, யன்னலுக்கு என்று ஆறு கோடுகள், எல்லாம் காலுக்குத் தட்டுப்படவேண்டும். இதுதான் அவள் கேட்டது.

கிழவருக்கு விருப்பமில்லை. "என்னை மாடு மாதிரிச் சுத்த விடப் போறியளோ?" என்று சத்தம் போட்டார். நான் அவருடைய ஊன்றுதடியைக் கேட்டேன். அதன் பிடியை நடுவில் வைத்து, நுனியால் வட்டம் கீறினேன். வட்டத்தில் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டு, "இனி இதே தடியாலை வட்டத்தைச் சுத்தி அளவுங்கோ ஐயா, நான் கையைப் பிடிக்கிறன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டு தரையில் இருந்தார். தடியின் மறுநுனி வட்டத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு கல், அங்கிருந்து மறுபடியும் தடி. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது தரம் தடியின் நுனி முதற் கல்லிலேயே போய் முட்டியது. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. அவர் திரும்பவும் முதலிலிருந்து அளந்தார். பிறகு ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

அந்த ஆறு புள்ளிகளுக்கும் ஏற்றபடி கட்டிலையும் அலுமாரியையும் நகர்த்தினோம். கல் பதித்துக் காய்ந்த பிறகு, வெறுங்காலோடு கட்டிலிலிருந்து எழும்பி, வட்டத்துக்கு வந்து, அரைவட்டம் சுற்றி, யன்னலடிக்குத் தனியே போய் நின்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் திரும்பாமலே சொன்னார்: "நீ வேலைக்குப் போ பிள்ளை. ஆறு தரிப்பிடம்தானே, இந்த ரூட் எனக்குப் பாடம்."

இத்தனை வருசம் பலேர்மோத் தரைகளில் முழந்தாளில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட நான் இவ்வளவு பக்தியோடும் இவ்வளவு நோவோடும் ஒருநாளும் முழந்தாளிட்டதில்லை.