கிணத்தடியிலை ஒரு கம்பனி

கிணத்திலை தண்ணி குறைஞ்சால் மோட்டரைத் தானாய் நிப்பாட்டுற பெட்டி செய்து விக்கிறது எங்கடை தொழில். கொழும்பிலை இருந்து செய்தால் இது வியாபாரம், உடுவிலிலை இருந்து செய்தால் விரதம். யாழ்ப்பாணத்திலை கம்பனி எண்டு ஒண்டைத் துவங்கிப்போட்டு முழிச்சுக்கொண்டிருக்கிற சகபாடியளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

எங்கடை பக்கத்துக் கிணறுகளிலை அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உவர்த்தண்ணி ஏறிப்போடும். அதாலைதான் இந்தப் பெட்டி இஞ்சை பிறந்தது. நாங்கள் ஆறு பேர்: நான், எஞ்சினியர் சுதா, பெட்டியளை சோல்டர் பண்ணிப் பூட்டுற நாலு பிள்ளையள். கொழும்பிலை ஒரு பெரிய கம்பனி எங்கடை பெட்டியை நாடு முழுக்க விக்க யோசிக்குது. அந்த ஓடருக்காக ஒரு வருசமாய் வாயைப் பிளந்துகொண்டு நிண்டம்.

பஸ்ஸிலை வாற சாமான்

பெட்டிக்குள்ளை நகத்தளவிலை ஒரு சிப் இருக்கு. அது கொழும்பிலைதான் வாங்கலாம். பஸ்ஸிலை ஏத்திவிட்டால் விடிய நான் போய் எடுக்கவேணும். ஒருமுறை பிழையான சிப் வந்து, திருப்பி அனுப்பி, சரியானது வருமட்டும் நாலு பிள்ளையளும் மேசையைத் துடைச்சுத் துடைச்சு இருந்துதுகள். கொழும்பிலை எண்டால் தெருவைக் கடந்து போய் மாத்திக்கொண்டு வந்திருக்கலாம்.

மூண்டாம் நாளும் நான் பஸ்ஸைப் பாத்துக்கொண்டு நிண்டன். கொண்டக்டர் பார்சலை நீட்டிப்போட்டு, பாவப்பட்டுக் கேட்டார்: "அண்ணை, உது மருந்தோ? உங்கடை முகத்தைப் பாத்தால் வீட்டிலை ஆருக்கோ வருத்தம் கடுமை போலை கிடக்கு."

நேர்முகம்

சுதாவுக்கு உதவிக்கு ஒராளை எடுப்பமெண்டு நல்லூர்ப் பெடியன் ஒருவனைக் கூப்பிட்டன். கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்கெண்டு பதில். எனக்குச் சரியான புளுகம். அந்தச் சந்தோசத்திலையே சம்பளத்தைச் சொன்னன், ஓமெண்டான். ஏதும் கேக்க இருக்கோ எண்டன். அவனிலை பிழை சொல்லேலாது, அந்த வயதிலை நானும் இதைத்தான் கேட்டிருப்பன்: "சேர், இஞ்சை எத்தினை மாசம் வேலை செய்தால் கொழும்பிலை எடுப்பினம்?"

பதினேழு கிணறும் வத்தின நாள்

போன விசயதசமி. காலமை ஒன்பது மணிக்கு, பெட்டியள் தண்ணிக் கணக்கு அனுப்புற எங்கடை கம்பியூட்டரிலை பதினேழு கிணறு ஒரேயடியாய் வத்திப்போச்சு. கொழும்பு ஆக்களும் அதைப் பாக்கிறவை, போனுக்கு மேலை போன். சுதா புரோகிராமை வரி வரியாய்த் தேடுறா, பிழை ஒண்டையும் காணேல்லை. நான் மோட்டச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கந்தையா அண்ணையிட்டை ஓடினன்.

அங்கை வாழையிலையிலை மண்வெட்டி, கத்தி, மருந்தடிக்கிற மெசின். அதுகளுக்குப் பக்கத்திலை, கிணத்துக்குள்ளை தொங்கவேண்டிய எங்கடை அளவுக் கம்பி, கழுவித் துடைச்சு, சந்தனமும் குங்குமமும் வைச்சபடி. கம்பி வெளியிலை வந்தால் கிணத்திலை தண்ணியில்லை எண்டுதானே பெட்டி நினைக்கும். மற்றப் பதினாறு இடத்திலையும் இதே கதைதான். எனக்கு வந்த கோவத்துக்கு நல்லாய்க் கத்தினன். மனுசன் ஆறுதலாய்க் கற்பூரத்தைக் கொழுத்திப்போட்டுச் சொன்னார்: "தம்பி, மண்வெட்டிக்குப் பொட்டு வைச்சிட்டு இதை மட்டும் கிணத்துக்கை விடேலுமே? இதுவும் எங்களுக்கு உழைக்கிறதுதானே."

ராஜினியின்ரை பொத்தான்

அடுத்த நாள் நாங்கள் தலையிலை கை வைச்சுக்கொண்டிருக்க, சோல்டர் பண்ணுற ராஜினி மெல்லமாய் ஒரு யோசனை சொன்னா. கம்பியை வெளியிலை எடுக்கேக்கை அமத்த ஒரு பொத்தான் வைச்சால் என்ன? அமத்தினால் பெட்டி பேசாமல் இருக்கும். சுதா ரண்டு நாளிலை அதைச் செய்து முடிச்சா. கிணறு துப்புரவாக்கிற ஆக்களும் அந்தப் பொத்தானுக்கு நன்றி சொல்லிச்சினம். கொழும்பிலை இருந்து போன் எடுத்து, எந்த எஞ்சினியரின்ரை மூளை இது எண்டு கேட்டினம். ராஜினி வெக்கப்பட்டுக்கொண்டு எனக்குச் சொன்னா: "மூளை ஒண்டுமில்லை அண்ணை. எங்கடை அப்பாவும் அண்டைக்கு வீட்டுக் கிணத்துக் கம்பியை எடுத்துப் பொட்டு வைச்சவர்தான்."

மனேச்சர் வந்தார்

அந்தப் பொத்தானுக்குப் பிறகுதான் கொழும்பு மனேச்சர் நேரிலை வந்தார். நல்ல மனுசன். எல்லாத்தையும் ஆறுதலாய்ப் பாத்தார், மனம் நிறையப் புகழ்ந்தார். பிறகு சொன்னார்: "யோசிக்கிறது இங்க இருக்கட்டும். செய்யிறதக் கொழும்பில செய்வம். அங்க சாமான் உடனே கிடைக்கும்." ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அதின்ரை அர்த்தம், நானும் சுதாவும் இருப்பம், நாலு பிள்ளையளும் வீட்டை போகவேணும். கொழும்புக்குப் போகலாமெண்டால், தகப்பன் தோட்டத்திலை நிக்க, ராஜினியின்ரை தாயைக் கிழமைக்கு ரண்டுதரம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது? மற்றப் பிள்ளையளுக்கும் இப்பிடி ஒவ்வொரு கட்டு.

சந்தோசப்படுவா எண்டு நினைச்சுச் சுதாவிட்டைக் கேட்டன். அவ தலையை நிமித்தாமலே சொன்னா: "அண்ணை, பிழை கண்டுபிடிக்கிறது அவை. திருத்துறது மட்டும்தான் நான். அவை போனால் நான் எதைத் திருத்துறது?"

மனேச்சரிட்டை ஏலாதெண்டு சொன்னன். அவர், "அப்ப வடக்குக்கு மட்டும் நீங்க செய்து தாங்க. மிச்சத்துக்கு வேற ஆளப் பாக்கிறம்" எண்டார். ஒரு வருசமாய்க் கண்ட கனவு ஒரு மூலைக்குள்ளை சுருங்கிப்போச்சு.

உள்ளுக்கை போனன். பலகைச் சுவருக்கு அங்காலை இருந்து நாலு பேரும் எல்லாத்தையும் கேட்டிருக்கினம். ஒருத்தரும் வேலை செய்யேல்லை. நான் வாயைத் திறக்க முந்தி ராஜினிதான் கேட்டா: "அப்ப நாளைக்கும் வரலாமோ, அண்ணை?"

நாடு முழுக்க விக்க வெளிக்கிட்டு, கடைசியிலை வாசலிலை அந்த நாலு பிள்ளையளின்ரை சைக்கிளும் நிக்கிற இடத்தைக் காப்பாத்திப்போட்டு, அதுக்கு வளர்ச்சி எண்டு பேர் வைச்சுக்கொண்டு திரியிறதுதான், கண்டியளோ, எங்கடை தொழில்.