வியாழக்கிழமை வண்டி வராது

வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: பாஸான பிள்ளைகளை மறந்துவிடுவோம், கைநழுவிப் போன பிள்ளையை மட்டும் அது உட்கார்ந்த பெஞ்சோடு சேர்த்து நினைவில் வைத்திருப்போம். என்னைப் போல சாக்பீஸ் தூளைத் தின்று, இருமிக்கொண்டே ரிடையர் ஆனவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். காரைக்கால் பக்கத்துச் சர்க்கார் பள்ளிகளில் எத்தனையோ வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். ஆனாலும் யாராவது "உங்க அனுபவத்தைச் சொல்லுங்களேன்" என்று கேட்டால், பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறின அந்த ஒரு வருஷம்தான் முதலில் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

மதாம், டீச்சர் ஆன கதை

பிரெஞ்சுக்காரன் காலத்தில் பெண் ஆசிரியைகள் எல்லோரும் 'மதாம்'தான். நான் தலத்தெருவில் நெல் விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். முகத்தில் மஞ்சள், தலையில் வழிய வழிய எண்ணெய், கையில் தூக்குச்சட்டி. இந்தக் கோலத்தில் போனாலும் வாசலில் "போன்ஜூர் மதாம்" என்று பிள்ளைகள் எழுந்து நிற்கும். எங்கள் தலைமை ஆசிரியை பாண்டிச்சேரிக்காரர், தமிழச்சி, ஆனால் கவுன் போடுகிறவர். அவரைப் 'பெரிய மதாம்' என்போம். அவர் நடந்து வந்தால் வராந்தாவில் காக்காய்கூட வாயை மூடிக்கொள்ளும்.

கொடி மாறினதும் எங்களைக் கூட்டி, இனி 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவரே அறிவித்தார். பிள்ளைகள் ஒரே நாளில் மாறிக்கொண்டார்கள். ஆனால் பெரிய மதாமை 'பெரிய டீச்சர்' என்று சொல்ல ஒருத்திக்கும் நாக்கு எழவில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு பொடிசை நிறுத்தி, "நான் யாரு?" என்று அவர் கேட்டார். அது முழித்து முழித்து "பெரிய மதாம் டீச்சர்" என்றது. அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "கொடிய எறக்கிட்டாங்க. என்னை யார் வந்து எறக்கப் போறா?"

பூட்டின கேட்டுக்கு வெளியே

மதாம் போய் டீச்சர் வந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. கிழமையை மாற்றினதில்தான் வினை வந்தது. பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு வியாழனும் ஞாயிறும் லீவு, சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு, பல் வைத்தியம், எண்ணெய்க் குளியல் எல்லாம் வியாழக்கிழமையில்தான் நடக்கும். பொங்கலுக்கு மூடின பள்ளியைத் திறந்தபோது, இனிமேல் வியாழனன்று பள்ளிக்கூடம், சனிக்கிழமை லீவு என்று உத்தரவு வந்துவிட்டது.

முதல் சனிக்கிழமை நான் பாட்டுக்கு எழுந்து, குளித்து, தூக்குச்சட்டியோடு பள்ளிக்குப் போய் நிற்கிறேன், கேட்டில் பூட்டு. வெளியே எனக்கு முன்னாலேயே இரண்டு டீச்சர்கள் அசட்டுச் சிரிப்போடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கூட்டம் பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் விற்க வருகிற பாக்கியம் என்ற பெண், கூடையைத் தலையிலும் மகளை இடது கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள். மகளை எங்களிடம் விட்டுவிட்டுத்தான் அவள் மீன் விற்கப் போவாள். விஷயத்தைச் சொன்னதும் கூடையைக்கூட இறக்காமல் கேட்டாள்: "கொடிய மாத்துங்க, கவர்மெண்ட மாத்துங்க, நா ஏன்னு கேட்டனா? கெழமைய எதுக்குங்க மாத்துறீங்க?"

திரை போட்ட வண்டி

பாக்கியம் கேட்ட கேள்வியின் கனம் அப்போது எனக்குப் புரியவில்லை. அடுத்த வியாழக்கிழமை என் வகுப்பில் மைமூனின் இடம் காலியாக இருந்தபோதுதான் புரிந்தது.

மைமூன் பள்ளியிலேயே பெரிய வகுப்பில் இருந்தாள். வாப்பாவுக்குச் சைகோனில் துணிக்கடை. பெண்கள் வெளியார் கண்ணில் படாத கோஷா வீடு. வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதே அந்தத் தெருவில் அதிசயம். அவளும் இன்னும் சில பெண்களும் திரை போட்ட கூண்டு வண்டியில் வருவார்கள். வண்டிக்காரர் மாரிமுத்து, கடைத்தெருவை ஒதுக்கி, ஊரைச் சுற்றி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று கொண்டுவந்து சேர்ப்பார்.

அவள் வாப்பா கடைசியாகக் கப்பலேறும்போது ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். 'செர்த்திஃபிகா' என்று நாங்கள் சொல்கிற பிரெஞ்சுப் பரீட்சையில் அவள் பாஸானால், அவர்கள் தெருவில் சின்னப் பெண்களுக்குத் திறக்கப்போகிற பள்ளியில் டீச்சராகலாம். இல்லாவிட்டால் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் மாமன் மகனோடு நிக்காஹ். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விட முடியாது. எங்கள் பள்ளியில் பிரெஞ்சுப் பரீட்சை அதுதான் கடைசித் தடவை, அப்புறம் எல்லாம் இங்கிலீஷ் என்று சொல்லிவிட்டார்கள். டீச்சராக வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு இருந்த ஆசையைப் போல நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. இடைவேளையில் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, என் குரலிலேயே அதட்டிக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்டவள் ஏன் வரவில்லை என்று மாரிமுத்துவைப் பிடித்துக் கேட்டேன். வியாழன் இரவு நாகூர் தர்காவில் விசேஷம். ஊரிலுள்ள கூண்டு வண்டி அத்தனையும் அன்று காலையிலேயே நாகூருக்குக் கிளம்பிவிடும். பள்ளிக்கு லீவாக இருந்தவரை இது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. மாரிமுத்து தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "வியாழக்கெழம நம்ம வண்டி நாகூர் ஆண்டவருக்குங்கம்மா. எங்கப்பன் காலத்துலேருந்து அப்புடித்தான்."

வெள்ளிக்கிழமை டியூஷன்

நாகூர் ஆண்டவரோடு நான் மல்லுக்கு நிற்க முடியாது. அதனால் ஒவ்வொரு வெள்ளியும் பள்ளி விட்டதும் அந்தப் பெண்களோடு நானும் வண்டியில் ஏறிக்கொள்வேன். திரைக்குள்ளிருந்து வெளியே ஒன்றும் தெரியாது, புழுக்கம் வேறு. குலுங்கிக் குலுங்கிப் போய் மைமூன் வீட்டில் இறங்கி, வியாழன் நடத்தின பாடத்தைத் திரும்ப நடத்துவேன். முடிந்ததும் மாரிமுத்து என்னைத் தலத்தெருவில் கொண்டுபோய் விடுவார். சம்பளத்துக்கு அதிகமாக நான் உழைத்தது அந்தச் சில மாதம்தான். அவ்வளவு சந்தோஷமாக உழைத்ததும் அப்போதுதான்.

மைமூனின் உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கதவோரம் உட்கார்ந்து பாடம் முழுவதும் கேட்பார். நான் சைவம் என்று தெரிந்து எனக்கென்று தனிச் சட்டியில் பணியாரம் சுட்டு வைப்பார். ஒருநாள் மைமூனின் பெரிய மாமா வந்தார். அவர் மகனைத்தான் அவளுக்குப் பேசியிருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயார் செய்துகொண்டேன். மனிதர் வாசலோடு நின்று, மரியாதையாகத் தரையைப் பார்த்தபடி பேசினார்: "புள்ள படிக்கட்டும் டீச்சரம்மா, நா வேணாங்கல. என் மவன் மூணாங் கிளாஸ் தாண்டல. அத மட்டும் புள்ளக்கிட்ட சொல்லிக் குடுக்காதீங்க."

மாடு எழுதுகிற பரீட்சை

பரீட்சைத் தேதி வந்தது. நாள்காட்டியைப் பார்த்தேன். வியாழக்கிழமை.

புது இன்ஸ்பெக்டர் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர், கெட்டவர் இல்லை. பெரிய மதாமும் நானும் போய் நின்றோம். பெரிய மதாம் தமிழில் ஆரம்பித்து, பதற்றத்தில் பாதியிலேயே பிரெஞ்சுக்குப் போய்விட்டார். இன்ஸ்பெக்டருக்குப் பிரெஞ்சு தெரியாது. மிச்சத்தை நான் சொன்னேன்: சார், வியாழக்கிழமை வண்டி வராது, ஒருநாள் தள்ளி வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். எல்லா ஊருக்கும் சேர்த்து முடிவான தேதி, ஒரு ஊருக்காக மாற்ற முடியாது என்றார். அது நியாயம்தான். நான் விடாமல் நாகூர், கூண்டு வண்டி, திரை என்று திரும்பத் திரும்பச் சொல்லவும் பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா இது, உங்க ஊர்ல பரீட்சைய பொண்ணுங்க எழுதுறாங்களா, மாடு எழுதுதா?"

டிக்டே

கடைசியில் மாரிமுத்துவே வழி சொன்னார். அவருடைய மச்சானிடம் நெல் ஏற்றுகிற பார வண்டி இருக்கிறது, அதில் பாயை வளைத்துக் கட்டி, சேலையால் மறைத்து அனுப்புகிறேன் என்றார். மைமூனின் உம்மா சம்மதித்தார். மாமாவும் சரியென்றார். மற்றப் பெண்கள் சின்ன வகுப்பு, அவர்களுக்குப் பரீட்சை இல்லை. எனக்கு மலையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

பிரெஞ்சுப் பரீட்சையில் முதலில் வருவது டிக்டே. டீச்சர் உரக்கப் படிப்பார், பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். படிக்க ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள், முடிகிறவரை ஈ காக்காய் உள்ளே வர முடியாது. எங்கள் பள்ளியில் அன்று படிக்க வேண்டியவள் நான். மணி அடித்தது, மைமூனைக் காணோம். பெரிய மதாம் கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நேரத்தைக் கடத்தத் தண்ணீர் குடித்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், இன்னொரு தரம் தண்ணீர் குடித்தேன். இன்ஸ்பெக்டர் அனுப்பிய மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் காட்டினார். பெரிய மதாம் தன் கையாலேயே கதவைச் சாத்தினார்.

எங்கோ ஒரு ஊரில் பனி பெய்வதைப் பற்றிய பாடம். காரைக்கால் வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டே பனியைப் பற்றிப் படித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய இரண்டு பேர் பள்ளிக்குள் ஓடி வந்தார்கள். ஒன்று மைமூன், மற்றது அவள் உம்மா. அந்தத் தெருப் பெண்கள் பகலில் வெளியே நடந்து நான் அதுவரை பார்த்ததில்லை. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. நான் படிப்பதை நிறுத்திப் பெரிய மதாமைப் பார்த்தேன். கதவில் முதுகைச் சாய்த்து நின்ற அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "படிங்க டீச்சர்," என்றார். "இப்பத் தொறந்தா உள்ள இருக்குற அத்தனை புள்ளைங்க தாளும் செல்லாது." நான் படித்தேன். வாழ்க்கையில் எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன், அந்தப் பனியைப் போல ஒன்று என் வாயில் கசந்ததில்லை.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெருநாள் கழிந்து மைமூனுக்கு நிக்காஹ் ஆயிற்று. பையன் நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் தெருவில் திறக்க இருந்த பள்ளிக்குக் கோஷா வீட்டிலிருந்து டீச்சர் கிடைக்கவில்லை என்று அதைத் திறக்கவே இல்லை. மைமூனிடம் படித்திருக்க வேண்டிய அத்தனை சின்னப் பெண்களும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

அன்று டிக்டே முடிந்து நான் வெளியே ஓடினபோது, மைமூன் வேப்பமரத்தடியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வீட்டுக்கு வரும் வழியிலேயே பார வண்டியின் அச்சு முறிந்துவிட்டதாம். அது வரும் வரும் என்று மணி அடிக்கிற நேரம் வரை வீட்டில் காத்திருந்திருக்கிறார்கள். இனி வராது என்று தெரிந்ததும் உம்மாதான் துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மகள் கையைப் பிடித்து, கொல்லைகளுக்கு நடுவே ஓடுகிற சந்தில் இறங்கி நடந்திருக்கிறார். வண்டி போகாத சந்து அது, நானும் பார்த்ததில்லை. அந்த அம்மாள் அழவில்லை, யாரையும் நோகவில்லை. பள்ளிக் கட்டடத்தையும், தான் வந்த வழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கேட்டார்: "பள்ளிக்கூடம் இவ்வளவு கிட்டயா டீச்சரம்மா இருக்கு? அடுப்புல வச்ச பால் பொங்குறதுக்குள்ள வந்துட்டோமே."

பூகோளம் உட்பட எல்லாப் பாடமும் நடத்தி மாலை மரியாதையோடு ரிடையர் ஆனவள் நான், ஆனால் பக்கத்துத் தெரு எவ்வளவு தூரம் என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை.