கேக் பேசுவதைக் கேட்டவள்

என் அக்காவை நம்பி எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம், இனிப்பைத் தவிர. நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் துடைத்துப் பத்திரமாக வைத்திருப்பாள். கேக் துண்டை வைத்துவிட்டுப் போனால் தட்டு மட்டும்தான் மிஞ்சும், அதுவும் கழுவிக் கவிழ்த்தபடி. சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவளுக்குப் பூனை என்றுதான் பெயர். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு பேக்கரிக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த யோசனை யாருடையது என்று தெரிந்தால் இன்றைக்கும் நாலு கேள்வி கேட்பேன்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் ஓவன் அறை, மேலே வீடு. ஓவன் சூடு படிக்கட்டு வழியாக ஏறிப் படுக்கையறை வரைக்கும் போகும், கூடவே வாசனையும். அத்தானுக்குப் பேர் வாங்கித் தந்தது பழக் கேக். உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, சாதிக்காய், கொஞ்சம் சுக்கு. அது வேகிற நேரத்தில் தெருவில் போகிறவர்களுக்குக் கால் தானாக நின்றுவிடும். எதிர் வரிசையில் இருக்கும் என் தையல் கடைக்கே அந்த வாசனை வந்து ஊசியைக் கீழே வைக்கச் சொல்லும்.

அத்தான் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கடிகாரம் பார்க்க மாட்டார். குச்சி குத்திப் பார்ப்பதும் அவருக்குப் பிடிக்காது. பழத்தில் குத்தினால் வெந்திருந்தாலும் ஒட்டும், குச்சிக்கு என்ன தெரியும் என்று கேட்பார்.

"நிறம் வந்தா வெந்துடுச்சு. வரலேன்னா வேகல. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அந்த நிறத்தை அவர் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் தப்பியதில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. மாத்திரை சாப்பிட்டாள், சாயங்காலம் நடந்தாள், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் கேக் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வதை மட்டும் விடவில்லை. பிறகு கண்ணில் புரை விழுந்தது. முதலில் புகை மாதிரி இருக்கிறது என்றாள். அப்புறம் கேக் பெட்டிக்கு ரிப்பன் கட்டும்போது முடிச்சு எங்கேயோ போனது. ஒரு நாள் கதவில் தொங்கிய ஏப்ரனைப் பார்த்து, "வாங்க, என்ன வேணும்?" என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மறுநாளே அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கண் டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவர். "புரையை எடுத்துட்டா நல்லா தெரியும்மா. ஆனா சர்க்கரை இந்த அளவுல இருக்கும்போது கத்தி வைக்க மாட்டேன். புண் ஆறாது. இறக்கிட்டு வாங்க, அன்னைக்கே தேதி தரேன்" என்றார்.

இறக்கவில்லை. தேதி தள்ளிப் போனது, மறுபடியும் தள்ளிப் போனது. மூன்றாவது தடவை திரும்பி வந்த அன்றைக்கு நான் ஓவன் அறைக்குள் நுழைந்தபோது அக்கா மூலையில் உட்கார்ந்து மாவு கலக்கிய பாத்திரத்தை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"உனக்குக் கண்ணு வேணுமா, கேக் வேணுமா? ஒண்ணு சொல்லு!"

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "உனக்கு என்னடி, நீ துணிக்கு நடுவுல இருக்க. நான் காலையில கண்ணு முழிக்கிறதுல இருந்து இந்த வாசனைக்குள்ளதான் இருக்கேன். கண்ணும் தெரியல. மூக்கு மட்டும்தான் மிச்சம் இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அத்தான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "இவ சாப்பிடற மாதிரி ஒண்ணு பண்ணிட்டா திருட வேண்டிய அவசியம் இருக்காது இல்ல?" என்றார். மருந்துக்கடைக்குப் போய்ச் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் வெள்ளைத் தூளை வாங்கி வந்தார். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்ணிடமும் கேட்டுவிட்டு வந்தார். பழத்திலேயே சர்க்கரை இருக்கிறது, அதனால் பழத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், துண்டும் மெல்லிசாக இருக்க வேண்டும், சாப்பாட்டில் வேறு எதையாவது குறைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள்.

கேக் என்றால் என்ன என்பதைக் கரைத்துக் குடித்தவர் அத்தான். அவர் போட்ட முதல் கேக்கை வெட்டக் கத்தி போதவில்லை.

"இதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் அத்தான்" என்றேன்.

அவர் அடுத்ததைப் போட்டார். அதுவும் செங்கல். வாயில் போட்டால் நாக்கில் ஒரு குளிர்ச்சி வேறு, பல் தேய்த்துவிட்டு வந்த மாதிரி. தூளைக் குறைத்தார். ஈரம் வேண்டுமென்று ஆப்பிளைத் துருவிச் சேர்த்தார். பழத்தைத் தேநீரில் ஊறவைத்தார். பட்டையையும் சாதிக்காயையும் கொஞ்சம் தாராளமாகப் போட்டார். குளிர்ச்சி போனது, ருசி வந்தது. ஆனால் செங்கல் செங்கலாகவே இருந்தது.

இவ்வளவு தெரிந்த மனுஷர் எங்கே தடுக்கி விழுந்தார் என்பது அப்போது எங்கள் யாருக்கும் புரியவில்லை. அந்தத் தூளுக்குச் சர்க்கரை மாதிரி சிவக்கத் தெரியாது. கேக் வெந்த பிறகும் வெளுத்துத்தான் இருக்கும். அத்தானோ கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, நிறம் வரட்டும், வரட்டும் என்று காத்திருந்தார். எத்தனையோ வருஷமாக அவரை ஏமாற்றாத கண் அவரை அங்கேயே நிறுத்தி வைத்தது. உள்ளே கேக் காய்ந்துகொண்டிருந்தது.

அக்கா அந்த நாட்களில் ஓவனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரிப்பன் கட்ட முடியாது, கல்லாவில் உட்கார முடியாது. வேறு எங்கே போவாள்? ஒரு மத்தியானம், நான் தைத்த புது ஏப்ரனைக் கொடுக்கப் போயிருந்தபோது, அவள் திடீரென்று தலையைத் தூக்கினாள்.

"என்னங்க, எடுங்க. அது பேச்சை நிறுத்திடுச்சு."

"எது?"

"கேக்குதான். இவ்வளவு நேரம் பேசிட்டே இருந்துச்சு. இப்ப அடங்கிடுச்சு."

அத்தான் என்னைப் பார்த்தார். கண் போனது போதாதென்று இது வேறயா என்று எனக்குள் பதறியது. அத்தான் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "வெள்ளையா இருக்கு. பச்சை மாவு. நீ சும்மா இரு" என்றார். சொன்னபடி நிறம் வரும்வரை விட்டார். வந்தது செங்கல்.

அடுத்த தடவையும் அவள் சொன்னாள், அவர் கேட்கவில்லை, செங்கல். அதற்கும் அடுத்த தடவை அவள் எழுந்து நின்றுவிட்டாள். "இப்ப நீங்க எடுக்கலேன்னா நானே கையை விட்டு எடுப்பேன்" என்றாள். சரியாகக் கண் தெரியாதவள் சூட்டு ஓவனுக்குள் கையை விடுவதாவது? அத்தான் பயந்துபோய் எடுத்துவிட்டார். தட்டில் உட்கார்ந்திருந்த கேக்கைப் பார்த்ததும் எனக்கு முகம் சுளித்தது. காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

ஆற வைத்து அத்தான் கத்தியை வைத்தார். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே ஒவ்வொரு திராட்சையும் தன் இடத்தில் உப்பி உட்கார்ந்திருக்க, சுற்றிலும் ஈரமாக, மிருதுவாக, முழுசாக வெந்திருந்தது. அத்தான் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். அப்படியே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிடி?" என்றார்.

"அதான் சொன்னேனே. கேட்டேன்."

மறுநாள் அவள் என்னைக் கூப்பிட்டு ஓவன் பக்கத்தில் உட்கார வைத்தாள். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் ஒரு வண்டி போனது, கடையில் யாரோ சில்லறை கேட்டார்கள். "மூச்சை அடக்கிட்டுக் கேளுடி" என்றாள். கேட்டேன். சோப்பு நுரை உடைகிற மாதிரி, சன்னமாக, இடைவிடாமல், உள்ளே என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மாவின் ஈரம் கொதிக்கிற சத்தம் அது. இத்தனை வருஷம் இந்த அறைக்குள் வந்து போயிருக்கிறேன், கேட்டதே இல்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குச் சத்தம் நின்றுபோனது. "முடிஞ்சுதுக்கா" என்றேன். "இல்லடி, இன்னும் நடுவுல பேசுது. ஓரம்தான் அடங்கியிருக்கு" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. கேக்கின் ஓரம் வேறு, நடு வேறு என்று காதால் பிரித்துச் சொல்கிறாள்! இவளைத்தான் நாங்கள் பூனை பூனை என்று கேலி செய்துகொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அவள் சொல்கிற நேரத்தில்தான் அந்தக் கேக் வெளியே வந்தது. தினமும் மெல்லிய ஒரு துண்டு, தட்டில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் சாப்பிட்டாள். அது ஒன்றும் மருந்து இல்லை. மாத்திரையும் நடையும் செய்கிற வேலையை அவளுடைய திருட்டுக் கை கெடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கை நின்றுவிட்டதா என்று எனக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம், அவ்வளவு சுலபமாக விட்டுப்போகுமா?

சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள். பெரிய ஆர்டர் ஒன்றுக்காக அத்தான் நிஜச் சர்க்கரை போட்ட கேக்கை ஓவனிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கடைக்கு வந்தவர்களைக் கவனிக்கப் போயிருந்தார். தேன் நிறம், பளபளப்பு, அந்த வாசனை. நான் பின்வாசல் வழியாக வந்தேன். அக்கா தனியாக இருந்தாள். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே கேக்கை நோக்கிப் போனாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. போச்சு, எல்லாம் போச்சு, இந்தத் தடவையும் தேதி கிடையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்தாள். முகம் கேக்கின் மேல் படுகிற அளவுக்குக் குனிந்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள். காதை வைத்தாள்.

"என்னங்க!" என்று கடைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இதை ஏன் எடுத்தீங்க? நடுவுல கத்திட்டு இருக்கு. உள்ள வைங்க."

அத்தான் ஓடி வந்தார். "நல்லாத்தானே சிவந்திருக்கு?"

"சிவந்திருக்கும். வேகல."

அன்றைக்கு ஓவன் மேல்பக்கம் சூடு அதிகமாக இருந்திருக்கிறது. அத்தான் குச்சி ஒன்றைத் தேடி எடுத்து நடுவில் குத்தினார். குச்சி மாவோடு வந்தது. அவர் கேக்கைத் திரும்ப உள்ளே வைத்தார். நான் திறந்த வாயை மூடவே இல்லை. அவ்வளவு சர்க்கரை மூக்குக்கு நேராக இருந்தும் அது அவளுக்குத் தின்பதற்கான பொருளாகவே படவில்லை! முடிக்காத வேலை ஒன்று பாதியில் நிற்கிறது, அதை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. என் அக்காவைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, பெரிய ஆட்களைக் கிட்டத்தில் பார்த்தால் வருமே, அந்த மாதிரி.

டாக்டரம்மா அறிக்கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தேதி கொடுத்தார். முதலில் ஒரு கண், அது ஆறிய பிறகு இன்னொன்று. இரண்டாவது கட்டைப் பிரித்ததும் அக்கா எதிரில் இருந்த எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தாள். என் தலை எவ்வளவு நரைத்துவிட்டது என்றாள். கடைக் கண்ணாடி எவ்வளவு அழுக்கு என்றாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

கண்ணில் தூசி படக் கூடாத நாட்கள் எல்லாம் கழிந்த பிறகு முதல் தடவையாக ஓவன் அறைக்கு வந்தாள். உள்ளே அவளுடைய கேக் வெந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். அவளுடைய முகம் விழுந்துவிட்டது.

"இதுவா? இவ்வளவு வெளுத்தா இருக்கும்? எனக்குப் பயமா இருக்குங்க. கொஞ்சம் நிறம் வரட்டும், அப்புறம் எடுக்கலாம்."

அத்தானின் செங்கல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. வாயைத் திறக்கப் போனேன். அத்தான் வேண்டாம் என்று கையைக் காட்டினார். குழாயடிக்குப் போய் மாவுக் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினார், சுத்தமான துண்டில் துடைத்தார். அவளுக்குப் பின்னால் வந்து நின்று, இவ்வளவு பாடுபட்டு மீட்டுக்கொண்டு வந்த அந்த இரண்டு கண்களையும் உள்ளங்கையால் பட்டும் படாமல் மூடினார்.

"இப்ப சொல்லு."

அக்கா அசையாமல் நின்றாள். அத்தானும் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை.

"எடுங்க" என்றாள்.