சிவப்பாகத் தெரிந்த விண்மீன் மண்டலம்

அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் ஒன்றில் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி. அது ஒரு விண்மீன் மண்டலம். அதை நம்பித்தான் என் நாட்கள் ஓடின.

அது சிவந்து தெரிய இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, இதுவரை யாரும் பார்க்காத தொலைவில் இருக்கலாம்; தொலைவு கூடக் கூட ஒளி சிவப்பை நோக்கி நகரும். இல்லையென்றால் உள்ளே தூசி மண்டி, நீல ஒளியை விழுங்கிக்கொண்டிருக்கலாம். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். தொலைவுதான் என்று நம்பி ஆய்வேட்டில் பாதியை எழுதிவிட்டேன். வெளிநாட்டு வேலைக்கும் அதைச் சொல்லித்தான் விண்ணப்பித்திருந்தேன். உதவித்தொகை முடியப் போகிற நேரம்.

ஒரு காலையில், அப்படிப் பிரித்த ஒளியின் நிறமாலை வந்தது. திறந்தேன். ஹைட்ரஜனின் கோடு, பக்கத்தில் கந்தகத்தின் கோடு. அவ்வளவு தொலைவில் இருந்தால் இந்தக் கோடுகள் சிவப்பையும் தாண்டி, கருவிக்கு எட்டாத இடத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும்.

என் ஆய்வை வழிநடத்தும் கைடு மேடத்திடம் ஓடினேன். "கருவியில காஸ்மிக் கதிர் பட்டுப் பொய்க் கோடு விழுந்திருக்கும் மேடம். திரும்பச் சுத்தம் பண்ணிப் பார்க்கிறேன்."

"பாரு," என்றார்.

தரவில் கலந்த பொய்ச் சமிக்ஞைகளை, அதாவது இரைச்சலை, எத்தனையோ வழிகளில் நீக்கிப் பார்த்தேன். நீக்க நீக்கக் கோடுகள் இன்னும் கூர்மையாயின. சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் மேடம் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தூசிதாம்மா. கிட்டத்துலதான் இருக்கு. ஒத்துக்கோ."

"ஒத்துக்கிட்டு நான் எங்க மேடம் போறது?"

அவர் திரையில் அந்தக் கோடுகளை மறுபடி பெரிதாக்கினார்.

ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து எங்களை அரசாங்கம் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்த பிறகும், அம்மா அபிராமபுரத்து வீடுகளுக்குத்தான் வேலைக்கு வந்து போனாள். அன்று வீடு திரும்பும்போது இருவருக்கும் ஒரே பஸ்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"நான் தேடுனது அது இல்லமா."

"வேற தேடேன்."

"நேரம் இல்ல."

அம்மா மடியிலிருந்த பையைச் சரிசெய்தாள். பிறகு, "வேலை செய்ற வூட்டுல எல்லாம் நீ ஃபாரின் போறன்னு சொல்லி வெச்சிக்கீறேனே," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நெரிசலில் அழக்கூட இடமில்லை.

வெளிநாட்டிலிருந்து இரண்டு வரியில் மறுப்பு வந்தது. மேடம் விடவில்லை. அந்தத் தூசி எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளந்து கட்டுரையாக எழுதச் சொன்னார். ஒவ்வொரு பத்தியையும் வெறுத்துக்கொண்டே எழுதினேன். பட்டம் கிடைத்தது. கட்டுரை வெளியாவதற்குள் உதவித்தொகை நின்றுபோனது.

இப்போது தி.நகரில் ஒரு கோச்சிங் சென்டரில் இயற்பியல் எடுக்கிறேன். தொலைதூர மண்டலங்களைத் தேடுகிறவர்கள், ஏமாற்றும் தூசி மண்டலங்களைக் கழித்துவிட என் கட்டுரையைப் பயன்படுத்துவதாக மேடம் சொன்னார். சந்தோஷப்பட முயன்றேன். ஆராய்ச்சிக்குத் திரும்ப இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கிருந்தும் பதில் வந்தபாடில்லை.