பாதம் வைத்த சின்னம்

எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பில் ஆரம்பத்தில் ஒன்பது பேர். எல்லோருக்கும் நாற்பது தாண்டியிருந்தது, எல்லோருக்கும் முதுகுவலி. ஞாயிறு காலையில் தென்னேரி ஏரிக்கரை வரை போய், இட்லி தின்றுவிட்டு, வீட்டில் திட்டு விழுவதற்குள் திரும்பிவிடுவோம். இந்த வீரத்துக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று சொன்னவன் நான். பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவன் என்பதால் வரைந்தவனும் நானே.

வண்டியை நேர் எதிரே நின்று பார்ப்பதுபோல வரைந்தேன். இரண்டு பக்கமும் வெள்ளையாக ஃபோர்க் கம்பிகள், நடுவில் சிவப்பாக மட்கார்டு, டயர் தரையைத் தொடும் இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு. சின்ன காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்த கண்ணுக்கு அதில் வண்டி மட்டும்தான் தெரிந்தது.

ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாள், கோயில் பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் என் பெட்ரோல் டேங்கைக் குனிந்து பார்த்தார்.

"பாதம் வெச்சிருக்கேளே. கிளப்பு தென்கலையா?"

அப்போதுதான் பார்த்தேன். டேங்கில் திருநாமம் பளிச்சென்று நின்றது. அடியில் பாதம் இருந்தால் தென்கலை, இல்லாவிட்டால் வடகலை. இந்த வித்தியாசத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறிய ஊர் எங்களுடையது. பிளேடு வாங்கிவந்து ஒன்பது வண்டியிலும் பாதத்தைச் சுரண்டினேன். அதாவது, மதியத்துக்குள் கிளப்பை வடகலைக்கு மாற்றிவிட்டேன்.

சாயங்காலம் நாங்கள் டீக்கடையில் கூடியிருந்தபோது நான்கு பேர் வந்தார்கள். இதில் இரண்டு தரப்பும் ஒற்றுமையாக வந்திருந்தது. அந்தச் சாதனை எனக்கே உரியது. யார் வரைந்தது என்று கேட்டார்கள். அடிக்கிற முகம் யாருக்கும் இல்லை. ஆனாலும் நான் மெதுவாகப் பக்கத்தில் பார்த்தேன். ஒன்பது பேரில் ஒருவன் மெக்கானிக், எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நண்பன், அதே தெருவில் பட்டறை வைத்திருந்தான். ஸ்டிக்கர் ஒட்டியது அவன்தான்.

"நம்ம மெக்கானிக்குதான்" என்றேன்.

சர்ச்சுக்குப் போகிறவனுக்கு நாமம் பற்றித் தெரியாது, மன்னித்துவிடுவார்கள் என்று நினைத்ததாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த நேரத்தில் நான் எதையும் நினைக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"சர்ச்சுக்குப் போறவன். வேணும்னேதான் பண்ணியிருக்கான்" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

அவன் கையில் ஸ்பேனரோடு என்னைப் பார்த்தான். பிறகு பட்டறைப் பக்கம் நடந்துவிட்டான். வரைந்தது யார் என்று மற்ற ஏழு பேருக்கும் தெரியும். அவர்கள் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு டீ ரொம்பச் சூடு போலிருக்கிறது.

அந்த மாதமே கட்டிடச் சொந்தக்காரர் பட்டறையைக் காலி செய்யச் சொன்னார். கிளப்புக்குப் புதுச் சின்னம் வந்தது, வெறும் சக்கரம். அதையும் நான்தான் வரைந்தேன், எல்லோரும் கை தட்டினார்கள்.

இப்போது அவன் பட்டறை ஊருக்கு வெளியே ஏனாத்தூரில், காலேஜ் பசங்களின் வண்டிகளுக்கு நடுவே. போன வாரம் செயின் சத்தம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்தவன், அவனைப் பார்த்ததும் செயினைத்தான் காட்டினேன். அவன் செயினை இறுக்கியபடியே கேட்டான்.

"நாந்தான் வரைஞ்சேன்னு அன்னைக்கு நீ ஒத்துக்கிட்டிருந்தா, உன்னை இன்னா பண்ணியிருப்பாங்க?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு நாள் கிண்டல் பண்ணியிருப்பாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்பா."

தலையாட்டினான். செயினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, வண்டியை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான்.