திரௌபதி பேரில் ஒரு கார்

திரௌபதிக்குக் கார் ஓட்டத் தெரியாது. முன் சீட்டில் உட்கார்ந்தாலே தலை சுற்றும் என்று எப்போதும் பின்னால்தான் ஏறுவாள். ஆனாலும் ஆர்.சி. புத்தகத்தில் ஓனர் அவள்தான். மரக்காணத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில், கடலுக்குப் போகிறவன் பேரில் சொத்து எழுதமாட்டார்கள். போனவன் திரும்பாவிட்டால் பெண்டாட்டி ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டுமே என்ற பயம். அதனால் வீடும் அவள் பேரில், காரும் அவள் பேரில். புருஷன் தேவநாதன் பேரில் ஒரு துடுப்புகூடக் கிடையாது.

கார்ச் சாவி சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். யார் வண்டியை எடுத்தாலும் திரௌபதிதான் குங்குமம் தொட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். கைராசிக்காரி என்று பெயர். அவளுக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அன்று காலை மகன் சித்தார்த்தன் வந்து கையை நீட்டினான். "கீழ்புத்துப்பட்டு வரைக்கும்தாம்மா. ஃப்ரெண்டை விட்டுட்டு ஓடி வந்துடறேன்." அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். "பார்த்துப் போடா" என்று அவளும் கொடுத்துவிட்டாள்.

சித்தார்த்தன் வண்டி ஓட்டும்போதும் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உப்பளத்து வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிரபாகரனைப் பின்னாலிருந்து இடித்தான். புதுச்சேரி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. பிரபாகரன் வேறு யாருமில்லை. திரௌபதி கருவாடு போட உப்புக் கொண்டுவந்து தருகிற வைஜெயந்தியின் புருஷன்.

போலீஸ் சித்தார்த்தனைப் பிடித்து, பிறகு ஜாமீனில் விட்டது. ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் அவன் சென்னையில் ஏதோ குடோன் வேலைக்குப் போய்விட்டான். வைஜெயந்தி போட்ட நஷ்டஈடு வழக்கில் திரௌபதிக்குத்தான் சம்மன் வந்தது.

"ஓட்டுனது அவன்தானேங்க?" என்று வக்கீலிடம் கேட்டாள்.

"ஓனர் நீங்கதானேம்மா. லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட நீங்களே வண்டியைக் குடுத்தீங்கன்னு ஆச்சுன்னா, இன்சூரன்ஸ் கம்பெனி அவங்களுக்குக் கட்டிட்டு உங்ககிட்ட வசூல் பண்ணிடும். வீடு போயிடும். எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிடுங்க. வேற வழி இல்ல."

திண்டிவனம் பஸ்ஸில் வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் அதட்டவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நயமாக விசாரித்தார்.

"சாவி வீட்ல எங்கம்மா இருக்கும்?"

"சாமி படத்துக்கு முன்னாடிங்க."

"யார் வேணாலும் எடுத்துக்குவாங்களா?"

திரௌபதிக்குச் சுருக்கென்றது. "அதெப்படிங்க? என் கையால எடுத்துக் குடுத்தாத்தான் வண்டி வாசலைத் தாண்டும். வேற யாரும் தொட மாட்டாங்க."

"அன்னிக்கும் அப்படித்தானே?"

அப்போதுதான் தன் வக்கீல் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பெஞ்சில் வைஜெயந்தி வெறும் கழுத்தோடு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு எதிரே இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆமாங்க. நான்தான் குடுத்தேன்."

தீர்ப்பு வக்கீல் சொன்னபடியே வந்தது. கம்பெனி வைஜெயந்திக்குக் கட்டிவிட்டுத் திரௌபதியின் பக்கம் திரும்பியது. வைஜெயந்திக்குச் சேர வேண்டியது சேர்ந்ததில் அவளுக்குக் குறை இல்லை. ஆனால் கம்பெனிக்குத் திருப்பிக் கட்டக் கையில் பணம் இல்லை; ஆட்கள் வந்து கதவில் ஜப்தி நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனார்கள். தேவநாதன் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கரைப்பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் சித்தார்த்தன் போன் பண்ணினான். போனதிலிருந்து அவனாகப் பேசியதே இல்லை. நோட்டீஸ் விஷயம் அவனுக்குத் தெரியாது.

"அம்மா, தப்புப் பண்ணிட்டேம்மா. இங்க முடியல. வீட்டுக்கு வந்துடட்டா?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தாள். வாடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எந்த வீட்டுக்குடா?"